மழையில் வெளுத்த விரிப்புகள்

அக்கா ஓடி நான் பார்த்ததில்லை. பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார். அது புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டால், "போறது போகட்டும், அடுத்தது நமக்காகத்தானே வருது" என்று நிறுத்தத்தில் உட்கார்ந்து கைப்பையின் முறுக்கிய வாரை நேராக்கிக்கொண்டிருப்பார். யாராவது மூச்சிரைக்க வந்து எதையாவது சொன்னால், அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் "மெதுவா". அப்படித்தான் எங்கள் சலவைக்கூடத்தில் அவருக்கு மெதுவாக்கா என்று பெயர் விழுந்தது. சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிரித்துச் சொன்னால் அவரிடம் ஏதோ கேள்வி கேட்பதுபோல் ஆகிவிடும்.

நான் மடிப்பு மேசையில் அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில், அப்படியே பல வருடம் ஓடிவிட்டது. என்னை எல்லோரும் புலம்பி என்பார்கள். பொய்யில்லை. வானம் இருட்டினாலும் ஐயோ என்பேன், வெயில் அடித்தாலும் ஐயோ என்பேன்.

எங்கள் சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் தரைக்கும் கீழே இருந்தது. படியிறங்கி வந்தால் முதலில் அழுக்குத் துணி அறை. பிறகு துவைக்கும் இயந்திரங்கள், பெரிது ஒன்று, சிறிது ஒன்று. அதற்கப்பால் உலர்த்தி, இஸ்திரி மேசைகள், கடைசியில் எங்கள் மடிப்பு மேசை. நாள் முழுக்க வெந்த சோப்பு வாசம். பேசுவது கேட்காது, கத்த வேண்டும். இஸ்திரி அண்ணனுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அவர் காதோடு ரகசியம் சொன்னாலே மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

அக்கா பிறவியிலேயே நிதானமானவர் இல்லை. பிறந்த வீட்டில் அவருக்குப் பட்டாசு என்று பெயராம். கல்யாணமான புதிதில் பால் பொங்கி வழிந்ததற்காகப் பாத்திரத்தையே தூக்கி வாசலில் எறிந்தாராம். "பாலும் போச்சு, பாத்திரமும் போச்சு, பயத்துல நான் பாதி போயிட்டேன்" என்று அவர் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

மாறியது எப்போது என்று ஒருமுறை கேட்டேன். விரிப்பை உதறிக்கொண்டே சொன்னார்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பையைக் கீழே வைத்துவிட்டு வெங்காயம் பொறுக்கி நிமிர்ந்தால் பிள்ளையைக் காணோம். அவ்வளவுதான். கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வாசல் பக்கம் ஓடினார், மீன் கடைகள் பக்கம் ஓடினார், செருப்பு அறுந்தது, முடி அவிழ்ந்தது, சாலையில் நின்ற போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் வெங்காயக்காரர் ஆள் அனுப்பித் தேடிக் கூப்பிட்டார். வந்து பார்த்தால், முதலில் நின்ற அதே இடத்தில், மூட்டைகளுக்குப் பின்னால், பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது பிள்ளை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவைப் பார்த்ததும் அதட்டியதாம்: "எங்கம்மா போன? நீ காணாமப் போயிட்ட. நான் இங்கயேதான் நின்னேன்!"

"அவ சொன்னது சரிதானே?" என்றார் அக்கா. "அவ தொலையல. நான்தான் தொலைஞ்சு போனேன். நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா கைக்கெட்ற தூரத்துல இருந்தா."

அன்றைக்கே அவர் மாறிவிட்டார் என்றால் பொய். பழகினார். படபடப்பு வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். நின்ற இடத்திலேயே நின்று சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். "சரி, இப்ப கைக்கு எட்றது எது?" என்று முணுமுணுப்பார். எட்டுவதை எடுத்துச் செய்வார். எட்டாதது அதுவரை காத்திருக்கும். முதலில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீடு பற்றி எரியும்போதும் இந்த மனுஷி எந்த வாளியில் ஓட்டை இல்லை என்று பார்ப்பாளோ என்று நினைத்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம். அந்த வாரம் அவரைச் சோதிக்கவென்றே வந்தது போலிருந்தது.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்காரர் விழுந்தார். மனிதர் பேருந்து ஓட்டுநர். மலைப்பாதையில் இருபது வருடத்துக்கு மேல் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர், வீட்டில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறிக் காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போடும்போது, "முக்காலிக்கு பிரேக் இல்ல டாக்டர்" என்றாராம். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் காலை ஊன்றக்கூடாது, குளியலறைக்குக்கூட ஆள் துணை வேண்டும் என்றாகிவிட்டது. வீட்டில் இருப்பது மகள் ஒருத்தி. அவளுக்கு அந்த வாரம்தான் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு.

செவ்வாய்க்கிழமை சமையலறைச் சுவருக்குள் ஓடும் குழாய் வெடித்தது. அன்றைக்கே எங்கள் ஆட்களில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். மதியம் பெரிய இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. பழுது பார்க்க வந்தவர் அறுந்த பெல்ட்டைச் செத்த பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டி, "இது வெளியூர்லருந்து வரணும். அடுத்த வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மேலாளர் இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்லத் தெரியாதவர். படிக்கட்டிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"நிர்வாகம் ஒரு முடிவு பண்ணியிருக்கு. வார்டு விரிப்பை எல்லாம் ஒரு வாரத்துக்கு வெளி கம்பெனிக்கு அனுப்பிப் பாக்கப் போறாங்க. லாரி அவங்களே கொண்டு வருவாங்க. நல்லா இருந்துச்சுன்னா..." நிறுத்திவிட்டார்.

"நல்லா இருந்துச்சுன்னா?" என்றார் இஸ்திரி அண்ணன். அதுவே சுவரில் மோதித் திரும்பியது.

"இந்த இடத்தை ஸ்டோர் ரூமா மாத்திடுவாங்க."

நாங்கள் எட்டுப் பேர். எட்டு வீடு. நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். அக்கா கையிலிருந்த தலையணை உறையை மேசையில் வைத்தார். சுற்றிலும் பார்த்தார்.

"ஒரு வாரம் இருக்குல்ல சார்?"

"இருக்கும்மா."

"அப்போ இன்னிக்கு இந்த வண்டித் துணியை முடிச்சுடறோம். புலம்பி, மூக்கைத் துடைச்சுட்டு அந்த முனையைப் பிடி."

இப்படிச் சொல்லும்போது அவர் ஏதோ கல்லால் செய்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாள் புதன்கிழமை அவரும் உடைந்தார். நான் பார்த்தேன்.

மதியம் மகளிடமிருந்து போன் வந்தது. தேர்வு முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுப்பில் வைத்ததைக் கவனிக்காமல் பாத்திரம் கருகிவிட்டது. அப்பா யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து நடக்கப் பார்த்து, நல்லவேளை, கட்டிலில் சரிந்திருக்கிறார். குழாய்க்காரர் வரவில்லை. பிள்ளை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்ட, அக்கா வெடித்தார்.

"இதைக்கூடப் பாத்துக்க முடியாதா உனக்கு? இவ்ளோ பெரிய பொண்ணு, ஒரு வேலைக்கு லாயக்கில்ல!"

போனை வைத்துவிட்டுத் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து நான் எட்டிப் பார்த்தேன். போர்வை அடுக்குக்குள் முகத்தைப் புதைத்து, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் வாயைத் திறக்கவில்லை.

"பாவம் டி, அவ என்ன பண்ணுவா," என்றார் கடைசியில். "சுமை என்னது. எடுத்து அவ தலையில போட்டுட்டேன்."

எழுந்து முகம் கழுவினார். மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, அம்மா பேசினது தப்பு. நீ லாயக்கில்லாதவ இல்ல. ரெண்டு நாளா தனியா எல்லாத்தையும் இழுத்துட்டு இருக்க. கருகின பாத்திரத்துல தண்ணி ஊத்தி வை. நான் வந்து தேய்க்கறேன். சாப்பாடு வெளிய வாங்கிக்கலாம். நீ இப்ப பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்கப்பாவை எழுந்திருக்க விடாதே. தேவைப்பட்டா கட்டிப் போடு."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. பின்னணியில் ஓட்டுநரின் குரலும் கேட்டது: "ஆமா, சீட் பெல்ட் போட்டு விடுங்க!"

வியாழக்கிழமை வெளி கம்பெனியின் லாரி வந்து வார்டு விரிப்புகளைக் கையிருப்பு உட்பட வாரிக்கொண்டு போனது. மறுநாள் காலையில் வெளுத்துக் கொண்டுவந்துவிடுவார்களாம். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. வாளி வாளியாய்க் கவிழ்ப்பதுபோல் இருந்தது. நாங்கள் கிளம்பும் நேரத்தில் அக்கா தரையில் இருந்த வடிகால் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா?"

"குமிழி விடுது பாரு. தண்ணி உள்ள போகல, வெளிய வரப் பாக்குது." திரும்பினார். "போறதுக்கு முன்னாடி ஆபரேஷன் பச்சைத் துணி எல்லாத்தையும் மேல் தட்டுக்கு ஏத்திடலாம். சோப்பு, கையுறை, வெளுப்புத் தூளும்."

"அக்கா, வீட்டுக்குப் போக வேண்டாமா? மழை வேற..."

"புலம்பிட்டே தூக்கு. வாய்தானே புலம்புது, கை சும்மாதானே இருக்கு."

தூக்கினோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊர் தண்ணீரில் இருந்தது. பேருந்து இல்லை. என் வீடு பக்கம் என்பதால் நான் எப்படியோ வந்துவிட்டேன். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வந்தார், செருப்பைப் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. எட்டுப் பேரில் வர முடிந்தது ஐந்து பேர்.

சலவைக்கூடத்தின் படிக்கட்டு பாதியோடு தண்ணீருக்குள் மறைந்திருந்தது. சிறிய இயந்திரத்தின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. லாரி போன பிறகு கட்டில்களிலிருந்து எடுத்து வந்த அழுக்குத் துணிப் பைகள் வாத்துக்கூட்டம்போல் மிதந்தன. மேலாளர் படியில் நின்று போனில், "பாலத்தை மூடிட்டாங்களா? எப்ப திறப்பாங்க? எப்பங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாரி. லாரிக்குள் எங்கள் வார்டுகளின் மாற்று விரிப்புகள் மொத்தமும்.

மேலே நிலைமை இன்னும் மோசம். கூரை ஒழுகி இரண்டு வார்டுகளில் படுக்கைகள் நனைந்திருந்தன. வெள்ளத்தில் மாட்டிய வீடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபடியே இருந்தார்கள். குளிரில் நடுங்குகிற கிழவர்கள், குழந்தைகள். போர்த்தத் துணியில்லை, விரிக்கத் துணியில்லை.

"பச்சைத் துணியாவது காப்பாத்தணும்," என்று இஸ்திரி அண்ணன் தண்ணீருக்குள் காலை வைக்கப் போனார்.

"அண்ணே, நில்லுங்க!"

அக்காவின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார்.

"கரண்ட் இருக்கு உள்ள. காலை எடுங்க."

அண்ணன் முகம் வெளுத்துப் போனது. எலக்ட்ரீஷியன் வந்து சலவைக்கூடத்தின் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும்வரை அக்கா யாரையும் இறங்க விடவில்லை. பிறகு கைகோத்து இறங்கினோம். மேல் தட்டில் பச்சைத் துணிக் கட்டுகள் முந்தின நாள் வைத்தபடியே உலர்ந்து கிடந்தன. அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு வாயிலிருந்து ஐயோகூட வரவில்லை. தலைமேல் சுமந்து வெளியே கொண்டுவந்தோம். அவசர ஆபரேஷன்களுக்கு அது போதும்.

தலைமை நர்ஸ் ஓடி வந்தார். கண்ணில் தூக்கமில்லை. "எல்லா வார்டுலயும் கேக்கறாங்க, நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"மெதுவா," என்றார் அக்கா. அங்கேயே படியில் உட்கார்ந்தார், நர்ஸம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தார். "எல்லா வார்டும் வேண்டாம். ஒரே ஒரு வார்டு சொல்லுங்க. எந்தக் கட்டிலுக்கு முதல்ல துணி போகலைன்னா ஆபத்து?"

நர்ஸ் மூச்சை இழுத்துவிட்டு யோசித்தார். "பிரசவ வார்டு. அப்புறம் தீக்காயம். அப்புறம் குழந்தைங்க."

"அந்த வரிசையில வரும். போங்க."

இவ்வளவு தைரியமாகச் சொல்லிவிட்டாரே, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மிதக்கும் அழுக்கு விரிப்புகள், சோப்பு, ஐந்து ஜோடிக் கைகள். இயந்திரம் இல்லை. பம்ப் மூழ்கி, குழாயிலும் தண்ணீர் இல்லை.

"தண்ணியே இல்லையேக்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். மொட்டைமாடிக் குழாய்கள் வழியாக மழைநீர் அருவியாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குழாய்களுக்குக் கீழே பீப்பாய்களை வைத்தோம். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் தன் மிகப் பெரிய அண்டாக்களைக் கொடுத்தார். எரிவாயு அடுப்புகளில் தண்ணீர் கொதித்தது. தரைத்தளத்தில் உடற்பயிற்சி சிகிச்சைக்கூடம் ஒன்று உண்டு. அன்று வெளிநோயாளிகள் யாரும் வரவில்லை, காலியாக இருந்தது. வரிசையாய் மின்விசிறிகள். சுவரோரக் கம்பிகளில் கயிறு கட்டினோம்.

அப்போது கண்காணிப்பாளர் டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்கே தலைவர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

"ஊர்ல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர்ல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்மா. நர்ஸ் விடுதியில வாஷிங் மெஷின் இருக்கு, அதை ஓட்டலாம். இல்லைன்னா இங்க ஃபேன் ஓடும். ரெண்டும் முடியாது. எது வேணும்?"

எல்லோரும் மெஷின், மெஷின் என்றோம். அக்கா ஒரு நொடி யோசித்தார்.

"ஃபேன் குடுங்க சார். துவைக்கக் கை இருக்கு. ஊதிக் காய வைக்க வாய் பத்தாது."

டாக்டர் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விசிறிகள் சுற்றத் தொடங்கின.

கை போதவில்லை என்பதுதான் உண்மை. கொதிநீரில் வெந்த விரிப்பு கல்லாய்க் கனக்கும். ஒன்றைப் பிழிய இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர் எத்தனையை முறுக்க முடியும்? அப்போது நடைபாதையில் ஒரு கூட்டம் நின்றது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள். வெள்ளத்தால் வீட்டுக்குப் போக முடியாமல், செய்ய வேலையில்லாமல், ஒருவர் பயத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அக்கா அவர்களிடம் போனார். கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை.

"உங்க வீட்டாளுங்க படுத்திருக்கற கட்டிலுக்குத்தான் துவைக்கறோம். சும்மா நின்னா பயம் ஜாஸ்தியாகும். வந்து ஒரு முனையைப் பிடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

முதலில் ஒரு முடிதிருத்துகிறவர் வந்தார். பிறகு கையில் வளையல் குலுங்க ஒரு கல்யாணப் பெண் மாதிரி உடுத்தியவர். பிறகு ஒரு கணக்கு வாத்தியார், ஒரு போலீஸ்காரர். அரைமணியில் கூடம் நிறைந்தது. போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டு அங்கிருந்த சிகிச்சைத் தொட்டிக்குள் இறங்கி விரிப்புகளை மிதித்தார். வாத்தியார் ஜோடிகளைப் பிரித்து நிறுத்தி, "முறுக்கு... விடு... மறுபடி முறுக்கு" என்று வகுப்பு நடத்தினார். இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரம் இல்லை. அண்ணன் தட்டையான அடியுள்ள பாத்திரங்களில் கொதிநீர் ஊற்றி அவற்றாலேயே தேய்த்தார். சுருக்கம் போனது. "இது என் பாட்டன் காலத்து டெக்னிக்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேலே வார்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுததாம்.

முதல் தள்ளுவண்டி பிரசவ வார்டுக்குப் போனபோது எல்லோரும் கைதட்டினோம்.

நடுப்பகலில் அக்காவின் போன் அடித்தது. ஈரக் கை, ஸ்பீக்கரில் போட்டார். வீட்டுக்காரர்.

"இங்க பாரு, பதறாத. வீட்டு வாசலுக்குத் தண்ணி வந்துருச்சு."

அக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மனிதர் நடக்க முடியாமல் கட்டிலில் கிடக்கிறார். இவர் இங்கே. நடுவில் ஊர் முழுக்க வெள்ளம். வீட்டில் பதினேழு வயதுப் பெண். என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்திருக்கும்போதே போன் கை மாறியது தெரிந்தது.

"அம்மா, அவர் பாதிதான் சொல்வாரு. நான் சொல்றேன் கேளு. பக்கத்து வீட்டு மாமாவையும் அவர் பையன்களையும் கூப்பிட்டேன். அப்பாவை நாற்காலியில உட்கார வெச்சு மாடி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயாச்சு. மெயின் ஸ்விட்ச் அணைச்சுட்டேன். அரிசி, மருந்து, என் புஸ்தகம் எல்லாம் மேல. அந்த உடைஞ்ச குழாய் இருக்குல்ல, அதுக்கு வர்ற வால்வை காலைலயே கண்டுபிடிச்சு மூடிட்டேன். நீ அங்கயே இரு. இங்க நான் பாத்துக்கறேன்."

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா? கேக்குதா? நான் பாத்துக்கறேன்."

"கேக்குது கண்ணு," என்றார். "நல்லாக் கேக்குது."

போனை மடியில் செருகிக்கொண்டு விரிப்பை எடுத்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அந்த நீராவியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் அவர் பிழிந்த வேகத்தைப் பார்த்தால், எதிர்முனையைப் பிடித்திருந்த என்னையும் சேர்த்துப் பிழிந்துவிடுவார் போலிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் இருந்தது வேலை இல்லை, கொண்டாட்டம். யாரோ பாடினார்கள். தேநீர் வந்தது. தீக்காய வார்டு முடிந்தது, குழந்தைகள் வார்டு முடிந்தது. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் நடைபாதையில் கைதட்டல். கண்காணிப்பாளர் டாக்டர் இடையில் வந்து வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு, போர்வை ஒன்றைப் பிழிந்து, தப்பான பக்கம் முறுக்கித் திட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் கயிற்றில் துணி போட்டுப் போட்டுத் தோள் கழன்றேன். அன்று முழுக்க நான் ஒருமுறைகூடப் புலம்பவில்லை என்று இஸ்திரி அண்ணன் சொன்னார். நேரமில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் மழை விட்டது. மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் உள்ளே விழுந்தபோது கூடம் முழுக்க வெள்ளை வெள்ளையாய் விரிப்புகள் ஆடின. விரிப்பில்லாத கட்டில் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றுகூட இல்லை என்று தலைமை நர்ஸ் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலம் திறந்து லாரி வந்து சேர நான்கைந்து நாள் ஆனது. ஈரத்தோடு அடைத்து வைத்த விரிப்புகள் பூசணம் பிடித்து, கதவைத் திறந்ததும் மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். அதையும் நாங்கள்தான் துவைத்தோம். வெளி கம்பெனி பேச்சு அத்தோடு முடிந்தது. "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கண்காணிப்பாளர் டாக்டர் அக்காவிடம் கேட்டபோது, அவர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். கேட்டார். சலவைக்கூடம் தரைக்கு மேலே வர வேண்டும், ஜன்னல் வேண்டும், புது இயந்திரம் வேண்டும், தனக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். விடுப்பு உடனே கிடைத்தது. மற்றவை வர ஆறு மாதம் ஆனது. வந்துவிட்டன. வீட்டுக்காரர் கால் கூடி மறுபடி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார். பல்பை மட்டும் மகள் மாற்றுகிறாள். வெள்ளத்தால் தள்ளிப்போன மிச்சத் தேர்வுகளையும் எழுதி நன்றாகவே தேறினாள்.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான்.

கடைசி வண்டி, மாற்று விரிப்புகளோடு, பிரசவ வார்டுக்குப் போக வேண்டியிருந்தது. தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தபோது அக்கா, "இதை நாங்களே கொண்டு போறோம்" என்றார். ஐந்து பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினோம். சாய்தளத்தில் இஸ்திரி அண்ணன் முன்னால் இழுத்தார். உடம்பெல்லாம் சோப்பு நாற்றம், விரலெல்லாம் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. வார்டுக்குள் போனதும் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு அமைதி. வரிசையாய்க் கட்டில்கள். களைத்த தாய்மார்கள் எங்கள் விரிப்புகளின்மேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் வெள்ளத்தில் படகில் வந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பச்சைத் துணிகளை வைத்துத்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் மட்டும் விழித்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலமாய் ஒரு பெண் குழந்தை.

"நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"துணி துவைக்கறவங்கம்மா," என்றார் அக்கா.

அவளுக்கு என்ன புரிந்ததோ, குழந்தையை எடுத்து நீட்டினாள். அக்கா கையை உடையில் நன்றாகத் துடைத்தார். பிறகும் தொடவில்லை. நர்ஸிடம் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, காய வைத்து, அவர் பாணியில் மெதுவாகத்தான் வந்து வாங்கினார். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார், சுற்றியிருந்த துணியைப் பார்த்தார், அதன் ஓரத்தை விரலால் நீவினார்.

"இந்தத் துணியை மடிச்சது யாரு?" என்றார்.

"நான்தான்க்கா," என்றேன் பெருமையாக.

"ஓரம் கோணலா இருக்கு டி."

கட்டிலில் இருந்தவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் சிரித்தாள். பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் வார்டு முழுக்க விழித்துக்கொண்டது.